பச்சைக் கோடு போட்டால் போதுமா?

எங்கள் வீட்டில் மூன்று சைக்கிள்கள் இருக்கின்றன. 'இந்தக் காலத்தில் இதைப் போய்ப் பெருமையாகச் சொல்ல வந்துவிட்டாளே!' என்று நீங்கள் சிரிக்கலாம். ஒன்று என் கணவருடைய பழைய கறுப்பு ஹெர்குலிஸ். நயினார்குளம் மார்க்கெட்டில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறார். இருபத்திரண்டு வருஷமாக அதில்தான் போய் வருகிறார். இன்னொன்று என்னுடையது. மாவு மில், ரேஷன் கடை, கறிகாய், சின்னவனுடைய டியூஷன், எல்லாவற்றுக்கும் அதுதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தெருவில் உள்ள ஸ்கூட்டர்கள் எல்லாம் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டபோது, மாடிப்படியில் தூக்கி வைத்திருந்த எங்கள் சைக்கிள்கள்தான் அரைத் தெருவுக்குப் பால் வாங்கிக் கொடுத்தன! மூன்றாவது, மகளுக்குப் போன வருஷம் ப்ளஸ் ஒன்னில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசாங்க சைக்கிள்.

அந்த மூன்றாவது சைக்கிளைப் பற்றித்தான் சில மாதங்களாக எங்கள் வீட்டில் ஓயாத பேச்சு.

நாங்கள் இருப்பது திருநெல்வேலி டவுனில், சந்திப் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில். மகள் படிப்பது பாளையங்கோட்டையில். வெளியூர் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன்: எங்கள் ஊர் இரட்டை ஊர். நடுவே தாமிரபரணி. மேற்கே நெல்லையப்பர் கோயிலும் கடைவீதிகளும். கிழக்கே பாளையங்கோட்டை நிறையப் பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும். 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்று அதற்குப் பட்டப் பெயரே உண்டு. டவுன் பிள்ளைகள் காலையில் ஆற்றைத் தாண்டிக் கிழக்கே போவதும், சாயங்காலம் பசியோடு மேற்கே திரும்புவதும் எங்கள் ஊரில் சூரியன் போவது வருவது மாதிரி ஒரு வழக்கம்.

ஒரு வழிக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும். ஆர்ச்சைத் தாண்டி நெடுஞ்சாலையில் போய், ரயில் பாதைக்கு மேலே ஈரடுக்கு மேம்பாலம், ஜங்ஷன், அப்புறம் ஆற்றுப் பாலம், முருகன்குறிச்சி, பாளை. இந்த வழியில் இரண்டு பாலங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஈரடுக்கு மேம்பாலம் 1973ல் வந்தது. பெரிய வண்டிகளுக்கு மேல் தட்டு, சின்ன வண்டிகளுக்குக் கீழ்த் தட்டு என்று பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். பஸ்ஸும் லாரியும் ஒரு பக்கம், சைக்கிளும் ஸ்கூட்டரும் ஒரு பக்கம் என்ற யோசனை ஐம்பது வருஷத்துக்கு முன்பே எங்கள் ஊர்க்காரர்களுக்கு வந்துவிட்டது பாருங்கள்! கீழ்த் தட்டில் ஓட்டும் நேரத்தில் மட்டும் தோளை இறக்கிவிட்டுக்கொண்டு ஓட்டலாம் என்பாள் மகள். ஆற்றுப் பாலம் அதைவிட ரொம்பப் பழசு. 1843ல் சுலோசன முதலியார் என்பவர் தம் சொந்தச் செலவில் கட்டியது. அவருடைய மனைவி தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்று ஊரில் சொல்வார்கள். மாட்டு வண்டிக்கும் பல்லக்குக்கும் கட்டிய பாலம்! இப்போது பக்கத்திலேயே புதுப் பாலமும் வந்துவிட்டது. ஆனாலும் காலை எட்டரை மணிக்கு அங்கே நின்று பாருங்கள். பஸ், ஆட்டோ, கார், மோட்டார் சைக்கிள், இத்தனைக்கும் இடையில் சுவரை ஒட்டி, நீல வண்ணத்தில் ஒரு பெண்ணின் சைக்கிள். அவள் போகும் வழி நெடுக, சைக்கிளுக்கென்று ஒரு கோடுகூடக் கிடையாது.

ஆனித் தேரோட்டம் முடிந்த மறு வாரம் ஒரு நாள் முழங்கையில் சிராய்ப்போடு வந்து நின்றாள். பாலம் முடிகிற இடத்தில் ஏதோ ஒரு வண்டி கைப்பிடியில் உரசிவிட்டுப் போயிருக்கிறது. விழவில்லை, சுவரில் சாய்ந்துவிட்டாள். மஞ்சளைக் குழைத்துப் போடப் போனேன். "அம்மா, முதல்ல சோப்புப் போட்டுக் கழுவணும்" என்று எனக்கே பாடம் எடுத்தாள். அன்றைக்கு ராத்திரி வீட்டில் பஞ்சாயத்து.

"பிள்ளைய பஸ்ஸுலயே போகச் சொல்லு. சவம், சைக்கிள் என்ன பெரிய சைக்கிள்!" என்றார் இவர். அடுத்த வீட்டு மதினியும் வந்துவிட்டார்கள். "வயசுப் பிள்ளை அந்த ரோட்டுல பஸ்ஸுக்கு எடையில போறதைப் பாத்தா எனக்கே வயித்தைக் கலக்குது. பேசாம வித்துருங்க மதினி."

டவுன் பஸ்ஸில் 2021லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நல்ல விஷயம்தான், நானும் அதில் போகிறவள்தான். ஆனால் ப்ளஸ் டூ பிள்ளைக்கு ஸ்பெஷல் கிளாஸ் முடிய ஆறரை ஆகிறது. அந்த நேரத்துக் கூட்டத்தில் இரண்டு பஸ்ஸை விட்டு மூன்றாவதில் ஏறி, ஜங்ஷனில் மாறி, வீடு வரும்போது எட்டு. சைக்கிளில் வந்தால் ஏழுக்கு வீட்டில். அந்த ஒரு மணி நேரம் படிப்புக்குத்தானே? அது மட்டுமில்லை. யாரையும் எதிர்பார்க்காமல் தானே போய்த் தானே வருகிற பிள்ளைக்கு முகத்தில் ஒரு தெளிவு வருகிறது. அதைப் பெற்றவளுக்குத்தான் தெரியும்.

புதுக்கோட்டைச் சங்கதி நினைவிருக்கிறதா உங்களுக்கு? அறிவொளி இயக்கம் நடந்த சமயம். ஷீலா ராணி சுங்கத் என்ற அம்மையார் அங்கே கலெக்டராக இருந்தார். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கிற கையோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல் உடைக்கிறவர்கள், வயல் வேலைக்காரர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று 1990களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். ஆண்கள் ஓட்டுகிற பார் வைத்த சைக்கிளையே பலர் விரும்பினார்களாம். முன்னால் ஒரு குழந்தையை உட்கார வைக்கலாமே என்று! 2001-02ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்த பள்ளி சைக்கிள் திட்டம் பிற்பாடு மற்றப் பிள்ளைகளுக்கும் வந்தது. இத்தனை பாடுபட்டுக் கையில் கொடுத்த சைக்கிளை, ரோடு சரியில்லை என்று திரும்பத் திண்ணையில் சாத்துவதா?

"சைக்கிளுக்குன்னு தனி ரோடு போடுதாங்களாமே, நம்ம ஊருக்கும் வந்துட்டா சரியாப் போகும்" என்று சின்னவன் சமாதானம் சொன்னான். பேப்பரில் அவனும் பார்த்திருக்கிறான். வரட்டும், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அப்படி ஒரு 'தனி ரோட்டை' நான் பதினைந்து நாள் கிட்டத்தில் இருந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

என் அக்காவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகியிருந்தது. உதவிக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாமே, ஒரு பெரிய நகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தான் ஒரு கம்பெனியில் காவல் வேலை. காலை ஆறு மணி ஷிப்டு, ஒன்பது கிலோமீட்டர், சைக்கிளில்தான். போன வருஷம் அவர் போகிற மெயின் ரோட்டில் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். பச்சை வண்ணம் அடித்து, வெள்ளையில் சைக்கிள் படம் எழுதி, பார்ப்பதற்குக் கல்யாண வீட்டுக் கோலம் மாதிரி இருந்தது. "அத்தானுக்கு இனி கவலையில்லை" என்றேன். அத்தான் சிரித்தார். "நாளைக்கு நீயே ஓட்டிப் பாரேன் தாயி" என்றார்.

ஓட்டிப் பார்த்தேன். முதல் இருநூறு அடி சுகமாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு கார் நின்றது. அதற்கு அப்புறம் ஆறேழு கார். இறங்கி மெயின் ரோட்டுக்குப் போகலாம் என்றால் நடுவில் முக்கால் அடி உயரத்துக்குக் கல் கட்டு! சைக்கிளைத் தூக்கி இறக்கினேன். மறுபடி ஏறிக் கொஞ்ச தூரம் போனால், பாதையின் நட்ட நடுவில் மின்சாரப் பெட்டி. பாதை போடும்போதே அது அங்கேதான் இருந்திருக்கிறது. அதைச் சுற்றியும் அழகாகப் பச்சை அடித்திருந்தார்கள்! அதன் பிறகு பஸ் ஸ்டாப். அங்கே பாதையைக் காணோம். பஸ்ஸுக்கு நிற்கிற ஜனங்கள் எல்லாம் பாதையில், நான் மணியடித்தால் அவர்களுக்குக் கோபம். கோபம் நியாயம்தானே, அவர்கள் எங்கே போய் நிற்பார்கள்? சாக்கடைக்கு மேலே போட்ட இரும்புச் சட்டத்தில் கம்பிகள் எல்லாம் நெடுக்குவாட்டில். சைக்கிள் டயர் சரியாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். குறுக்குவாட்டில் போட்டிருந்தால் தொந்தரவே இல்லை. போட்டவர் சைக்கிள் ஓட்டாதவர் என்று அந்த ஒரு சட்டமே சொல்லிவிட்டது. ஒரு இடத்தில் வழுவழு டைல்ஸ் வேறு; தூறல் விழுந்தால் குளியலறைத் தரை தோற்றது!

எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய நாற்சந்தி வருகிறது பாருங்கள், அங்கே நாலு பக்கமும் வண்டிகள் முட்டி மோதுகிற இடத்துக்கு முப்பது அடி முன்னாலேயே பச்சை வண்ணம் டக்கென்று நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம் போய் மறுபடி ஆரம்பம். ஆபத்தில்லாத இடமெல்லாம் கூடவே வந்துவிட்டு, ஆபத்து வந்ததும் கையை விட்டுவிட்டுப் போகிற துணை எதற்கு?

சாயங்காலம் அக்காவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அகலத்தை அளந்தேன். (ரோட்டில் குனிந்து அளக்கிற என்னைப் பார்த்து ஒரு இளநீர்க்காரர், "என்னம்மா, ஜாக்கெட் தைக்கப் போறீங்களா?" என்றார்!) நாலு அடி இரண்டு அங்குலம். அக்கா மகன் சிவில் டிப்ளமா படிக்கிறான். அவன் சொன்னான், சாலை அமைக்கிறவர்களுக்கு விதிமுறை எழுதுகிற இந்திய சாலைக் காங்கிரஸ் 1962லேயே சைக்கிள் பாதைக்கு ஒரு கையேடு போட்டிருக்கிறதாம். குறைந்தது இரண்டு மீட்டர் அகலம் வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. இரண்டு மீட்டர் என்றால் ஆறரை அடி. மெதுவாகப் போகிறவரை வேகமாகப் போகிறவர் தாண்ட வேண்டாமா? பால் கேன் இரண்டு பக்கமும் தொங்க ஒருவர் வந்தால் நாலடியில் யார் தாண்டுவது?

இதெல்லாம்கூடப் போகட்டும் என்பேன். அத்தான் சொன்ன விஷயம்தான் என்னைச் சுட்டது. பாதை இப்படி அடைந்து கிடப்பதால் அவர் பழையபடி மெயின் ரோட்டில்தான் போகிறார். முன்னேயெல்லாம் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்களாம். இப்போது பின்னால் வருகிற கார்க்காரர் ஹாரனை விடாமல் அடித்து, கண்ணாடியை இறக்கி, "உனக்குன்னுதான் தனியா ரோடு போட்டிருக்கே, அதுல போய்யா!" என்கிறாராம். ஐம்பத்தாறு வயது மனிதர். "முன்னால ரோடு எல்லாருக்கும் பொதுவா இருந்துச்சு தாயி. இப்பம் எனக்குன்னு ஒரு பாதையும் இல்ல, பொது ரோட்டுலயும் இடம் இல்ல" என்றார். முப்பது வருஷமாகச் சைக்கிளில் போய் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்.

இது அந்த ஒரு ஊர்க் கதையில்லை. டில்லியில் 2008ல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை பஸ்ஸுக்குத் தனித் தடமும் கூடவே சைக்கிளுக்குத் தனித் தடமும் போட்டார்கள். சைக்கிள் தடத்தில் மோட்டார் சைக்கிள்கள் புகுந்துகொண்டன. கார்க்காரர்கள் தங்கள் இடம் குறைந்துவிட்டது என்று சண்டை போட்டார்கள். கடைசியில் 2016ல் மொத்தத்தையும் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். பெங்களூரில் கொரோனா வந்த 2020ல் வெளிவட்டச் சாலையில் பிளாஸ்டிக் கம்பங்களை நட்டு சைக்கிளுக்கு ஒரு தடம் ஒதுக்கினார்கள். கம்பத்தை இடித்துக்கொண்டு உள்ளே புகுந்தவை சைக்கிள்களா என்ன? கல்கத்தாவிலோ கதையே வேறு. அங்கே 2013ல் 174 சாலைகளில் சைக்கிளே போகக்கூடாது என்று போலீஸ் உத்தரவு! எத்தனை பால்காரர்கள், பேப்பர்காரர்கள், மீன் விற்கிறவர்கள் வயிற்றில் அடித்திருக்கும் அது? எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் பட்டியலைக் குறைத்தார்கள்.

இன்னொரு வகைப் பாதையும் உண்டு. கோவையில் உக்கடம் பெரியகுளக் கரையை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அழகாக்கி நடைபாதை, சைக்கிள் பாதை எல்லாம் போட்டார்கள். ஹைதராபாத்தில் 2023ல் வெளிவட்டச் சாலை ஓரமாக 23 கிலோமீட்டருக்கு, மேலே சூரிய மின் தகடுகளையே கூரையாக வேய்ந்து ஒரு பாதை. வெயிலுக்கு நிழலும் ஆச்சு, மின்சாரமும் ஆச்சு! இவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். சாயங்காலம் குழந்தைகளோடு போய்க் காற்று வாங்கவும், உடம்பு இளைக்கவும் நல்ல இடங்கள். ஆனால் குளத்தைச் சுற்றிப் போகிற பாதை குளத்துக்கே திரும்பி வருகிறது. என் மகளுக்கு வேண்டியது பள்ளிக்கூடம் போகிற பாதை. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற பெண் பேட்டையிலிருந்து காலை ஐந்தரைக்குச் சைக்கிளில் கிளம்புகிறாள். அவளிடம் போய் 'உடற்பயிற்சி' என்றால் என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பாள்.

2011 கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் நூற்றுக்கு 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. கார் இருந்த வீடு நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. ஆனால் ரோட்டைத் திட்டம் போடுகிற மேஜையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? சென்னை மாநகராட்சி 2014லேயே ஒரு நல்ல கொள்கை வகுத்தது. போக்குவரத்துக்கு ஒதுக்குகிற பணத்தில் நூற்றுக்கு அறுபதாவது நடக்கிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று. காகிதத்தில் படிக்கும்போது கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றுகிறது. அத்தானைப் போன்றவர்கள் கண்ணுக்கு அது ரோட்டில் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சைக்கிள் என்றாலே ஹாலந்து என்கிறார்கள். அந்த நாட்டுக்காரர்கள் பிறவியிலேயே அப்படி என்று நினைத்திருந்தால், மகள் படித்துச் சொன்ன விஷயத்தைக் கேளுங்கள். அங்கேயும் கார் பெருகி, 1971ல் ஒரே வருஷத்தில் சுமார் 3,300 பேர் ரோட்டில் செத்தார்கள். அதில் 400க்கும் மேல் குழந்தைகள். தாய்மார்கள் பொறுக்கவில்லை. 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று பெயர் வைத்து ஒரு இயக்கமே நடத்தினார்கள். ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள், குழந்தைகளை ரோட்டில் விளையாட விட்டார்கள். 1973ல் பெட்ரோல் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. அரசாங்கம் இறங்கி வந்தது.

இறங்கி வந்து முதலில் என்ன செய்தார்கள் தெரியுமா? தி ஹேக், டில்பர்க் என்ற இரண்டு ஊர்களில் மாதிரிக்கு ஆளுக்கு ஒரு பாதை போட்டார்கள். வெகு உயர்ந்த பாதைதான். அந்தப் பாதையில் கூட்டம் வந்தது. ஆனால் ஊரில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் தொகை எதிர்பார்த்த மாதிரி ஏறவில்லை. ஏன்? வீட்டிலிருந்து அந்தப் பாதை வரைக்கும், பாதை முடிந்த இடத்திலிருந்து வேலைக்கும், பழைய ஆபத்துதானே? பிறகு டெல்ஃப்ட் என்ற ஊரில் ஒரு பாதைக்கு இத்தனை செலவு செய்யாமல், ஊர் பூராவும் சின்னச் சின்னப் பாதைகளை ஒன்றோடு ஒன்று கோத்தார்கள். விட்டுப்போன பாலம், விட்டுப்போன சந்து, அதையெல்லாம் இணைத்தார்கள். அங்கே சைக்கிள் பெருகியது. மாலையில் ஒரே ஒரு பூ பெரிதாக இருந்து என்ன, நார் அறுந்து கிடந்தால்?

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். திருநெல்வேலி 2017ல் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் சேர்ந்த ஊர். இன்றைக்கோ நாளைக்கோ இங்கேயும் பச்சைக் கோடு வரலாம். எங்கே முதலில் போடுவார்கள்? அகலமாக, காலியாக, போட்டோ எடுக்கத் தோதாக இருக்கிற புறவழிச் சாலையில் போடத்தான் யாருக்கும் மனசு வரும். போட்டுவிட்டு, "சைக்கிளே வரவில்லையே!" என்பார்கள். எப்படி வரும்? சைக்கிள் இருப்பது ரத வீதியில், பேட்டையில், மேலப்பாளையத்தில், தச்சநல்லூரில். பீடி இலைக் கட்டைக் கேரியரில் வைத்துக்கொண்டு போகிற பெண்கள், பூக்கூடைக்காரர்கள், அல்வாக் கடைப் பையன்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள். இவர்கள் எல்லாரும் எங்கேயாவது ஒரு இடத்தில் ஆற்றையோ ரயில் பாதையையோ தாண்டியாக வேண்டும். ஆகையால் பாலத்தில்தான் முதலில் வேண்டும். இரண்டு பாலம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது ஓரமாக ஆறடி ஒதுக்க வழி கண்டுபிடிக்க முடியாதா? நான் எட்டாம் வகுப்புக் கணக்கிலேயே தடுமாறினவள், எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் காலை எட்டரைக்கு ஒரு நாள் சைக்கிளில் போய்ப் பார்த்தால் அவர்களுக்கே தோன்றும்.

அப்புறம் நிழல். சித்திரை வெயிலில் எங்கள் ஊர்த் தார் ரோட்டில் சைக்கிள் ஓட்டுவது தோசைக்கல்லில் நடப்பது போல. தென்காசி ரோட்டை அகலப்படுத்தியபோது எத்தனை நிழல் மரங்கள் போயின என்று அந்தப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். பாதை போடுகிறவர்கள் அதன் ஓரத்தில் ஒரு புங்கையோ வேம்போ வைத்துவிட்டுப் போகட்டுமே. பச்சை வண்ணத்தைவிட அந்தப் பச்சை மலிவு. ராத்திரிக்கு விளக்கும் வேண்டும். ஸ்பெஷல் கிளாஸ் விட்டு வருகிற பிள்ளைகளுக்கு ஆறரை மணிக்கு மேல் கார்த்திகை, மார்கழியில் கும்மிருட்டு.

பாதை வருகிறபோது வரட்டும். அதுவரை வீட்டில் நாம் செய்ய வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. சைக்கிள் கொடுத்ததும் சீட்டின் உயரத்தைப் பாருங்கள். உட்கார்ந்து குதிகாலைக் கீழே இருக்கும் பெடலில் வைத்தால் முழங்கால் நீட்டமாக வர வேண்டும். சீட்டுத் தாழ்வாக இருந்தால்தான் முட்டி வலிக்கும். "சைக்கிள் ஓட்டி முட்டி போச்சு" என்பவர்களில் பலருக்குச் சங்கதி இதுதான். பின்பக்கம் சிவப்பு வெளிச்சம் காட்டுகிற ஸ்டிக்கர், பெடலிலும் சக்கரத்திலும்கூட ஒட்டுங்கள், செலவு அதிகமில்லை. துப்பட்டாவை இரண்டு தோளிலும் ஊக்குப் போட்டுப் பின்னால் முடிந்துவிடுங்கள். நம்மைப் போல் சேலை கட்டி ஓட்டுகிறவர்களுக்குப் பின் சக்கரத்தில் வலை கட்டாயம். புத்தகப் பையைக் கைப்பிடியில் மாட்டவே கூடாது, கேரியர் எதற்கு இருக்கிறது? 'அந்த நாட்களில்' ஓட்டக் கூடாது என்று ஆச்சிமார் சொல்வார்கள். வலி இல்லாவிட்டால் ஒரு தோஷமும் இல்லை. வயிற்று வலி இருந்தால் அன்றைக்குப் பஸ், அவ்வளவே. பிரேக் கட்டையை மாதம் ஒரு முறை நீங்களே பார்க்கலாம், மிக்ஸி ஜாரைக் கழற்றி மாட்டுகிற நமக்கு அது ஒரு வித்தையா?

எங்கள் வீட்டுப் பஞ்சாயத்து எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். இவர் ஒரு வாரம் முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் காலையில் தம் ஹெர்குலிஸை எடுத்துக்கொண்டு மகள் பின்னாலேயே பாளை வரை போய்த் திரும்பினார். வேர்த்து விறுவிறுத்து வந்து, மோரைக் குடித்துவிட்டு, "பிள்ளை நல்லாத்தான் ஓட்டுதா. ரோடுதான் சரியில்லை" என்றார். மறுநாள் ஜங்ஷனில் பின் விளக்கு ஒன்று வாங்கிவந்து அவரே மாட்டிக் கொடுத்தார்.

எங்கள் தெருவிலிருந்தும் அடுத்த இரண்டு தெருக்களிலிருந்தும் சைக்கிளில் போகிற பெண்கள், பிள்ளைகளை அனுப்புகிற தாய்மார்கள் சேர்ந்து ஒரு மனு எழுதியிருக்கிறோம். மகள்தான் எழுதினாள், அவள் கையெழுத்துத்தான் அழகு. முதல் விஷயமாகப் பாலத்தைப் போட்டிருக்கிறோம். இரண்டாவது நாற்சந்தி, மூன்றாவது சாக்கடைச் சட்டத்துக் கம்பி. பச்சை வண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. முப்பத்தோரு கையெழுத்து, பூக்காரம்மா கைநாட்டு வைத்தார்கள், வைத்துவிட்டு, "சைக்கிளை நிறுத்த ஒரு எடமும் கேளு தாயி, கூடையோட நான் எங்க சாத்துவேன்?" என்றார்கள். அதையும் கீழே இடுக்கி எழுதிச் சேர்த்தோம். திங்கட்கிழமை மனு நாளுக்குக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறோம். பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். எட்டுப் பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், சைக்கிளில்தான். அடுத்த வீட்டு மதினி பஸ்ஸில் வந்து சேர்ந்துகொள்வார்களாம்.